முன்கூட்டிப் போட்ட மொட்டை

விசா விண்ணப்பம் என்ற கலையில் ஷாமினியை மிஞ்ச இந்த மலேசியத் தீபகற்பத்தில் ஆள் கிடையாது. உலகத்து நாடுகளெல்லாம் கதவைப் பூட்டுமுன், பிரிக்பீல்ட்ஸில் அவள் உட்காரும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பூட்டுகின்றன. அவள் பாரத்தை நிரப்பி அனுப்பினால் போதும். தூதரகத்தில் முத்திரைக் கட்டை தானே எழுந்து போய் பாஸ்போர்ட்டில் குத்திக்கொள்ளும். அதிகாரி காப்பி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கலாம்.

இதைச் சொன்னது ஷாமினி. நம்பியது பரமேஸ்வரன் மாமா ஒருவர்தான்.

உண்மையில் அவளுடைய அனுபவம் மொத்தம் ஒன்றரைப் பாரம். முழுசாக நிரப்பியது, அவள் வேலை பார்க்கும் போட்டோஸ்டேட் கடையின் முதலாளி யூனுஸுடைய மாமியாருக்கு. அந்தம்மாவை 'ஆண்' என்று தட்டிவிட்டாள். அனுப்புவதற்கு முன்னால் முதலாளி பார்த்துத் திருத்தினார். அரைப் பாரம், செராஸிலிருந்து வந்த ஒருவருக்கு. அவர் மனைவியின் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் யூனுஸின் மாமியார் பெயர் அப்படியே நின்றிருந்தது. மனிதர் அதைப் பார்த்தார், "தங்கச்சி, கையை எடும்மா" என்றார், எழுந்து போய்விட்டார்.

வயது பதினெட்டு. படிப்பும் ஏறக்குறைய அந்த அரைப் பாரம் மாதிரிதான். பள்ளி இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் வரலாறு தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. மலாக்காவைத் தோற்றுவித்தவர் பரமேஸ்வரா என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஷாமினி விடைத்தாளில், 'பரமேஸ்வரன், எங்கள் மாமா, லிப்ட் ரிப்பேர் பார்க்கிறார், சாலாக் செலாத்தான் அடுக்குமாடி, பதினோராம் மாடி' என்று முகவரியோடு எழுதிவைத்தாள். திருத்தியவருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். மதிப்பெண் வரவில்லை. அதற்கப்புறம்தான் அந்தச் சிவப்பு நாற்காலி. நகலெடுப்பது, பிளாஸ்டிக் உறை போடுவது, பாஸ்போர்ட் படம் எடுப்பது. "சிரிக்காதீங்க அங்கிள். நாட்ட விட்டுப் போறீங்க, கொஞ்சமாச்சும் சோகமா இருங்க" என்று அவள் சொன்னதும் அங்கிள்மார்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். பிறகு இன்னொரு தடவை எடுக்கவேண்டியிருக்கும்.

பரமேஸ்வரன் மாமா அவள் அம்மாவின் அண்ணன். ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு வருடமாக லிப்ட் மெக்கானிக். கிள்ளானிலிருந்து செராஸ்வரை அவர் ஏறாத கட்டடம் இல்லை. மனிதர் முப்பத்தோரு வருடமாகப் பயணம் செய்துகொண்டேதான் இருக்கிறார், மேலும் கீழுமாக. பக்கவாட்டில்தான் எங்கேயும் போனதில்லை. பாஸ்போர்ட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் அவருடைய மீசை இருக்கும். மற்ற பக்கங்களில் ஒன்றும் இருக்காது.

அந்த மீசையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முகத்தில் மீசை என்பதைவிட மீசைக்குப் பின்னால் ஒரு முகம் என்று சொல்வதுதான் பொருத்தம். லிப்ட் குழிக்குள் கழுத்துவரை இறங்கி நிற்கும்போது, மேலே இருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு முதலில் தெரிவது அதுதான்.

அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிப்ட் வாரத்தில் மூன்று நாள் ஓடாது. அந்த லிப்டின் பராமரிப்பு வேறொரு நிறுவனத்துடையது. மாமா அதைத் தொடக்கூடாது. மூடிய கதவில் காதை வைத்துக் கேட்பார். "உள்ள கயிறு உராயுது. பாவம்" என்பார். பிறகு கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பதினோரு மாடியும் படியேறுவார்.

அதே கட்டடத்தின் எட்டாம் மாடியில் அம்மாவோடு இருக்கும் ஷாமினி, ஆறு வயதில் அந்த லிப்டின் பொத்தான்களையெல்லாம் அமுக்கிவிட்டு ஓடிப்போவாள். நான்கு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் மாமா வந்து நேரே அவள் காதைத் திருகினார். "ஒம்பதாவது மாடி வரைக்கும்தான் அமுக்கியிருக்கு. அதுக்கு மேல கை எட்டல. இந்த பிளாக்குல அந்த உயரத்துல ஒரே ஒரு குரங்குதான் இருக்கு." அன்றிலிருந்து ஷாமினி எவ்வளவோ பேரை ஏமாற்றியிருக்கிறாள். மாமாவை ஏமாற்றியதாக மட்டும் கணக்கில் ஒன்றுகூட ஏறவில்லை.

மாமாவுக்கு ஒரே மகள், மலர். மலருக்குப் பதினைந்து வயதாகும்போது தாமரை அத்தை இறந்துபோனார். அதற்குப் பிறகு மாமாதான் மகளுக்குத் தலை பின்னிவிட்டார், லிப்ட் கயிறு முறுக்குகிற மாதிரி அவ்வளவு இறுக்கமாக. மலர் அக்கா பள்ளிக்கூடம் முடிக்கிறவரை கண்ணை முழுசாக மூட முடியாமல் இருந்தாள் என்பது ஷாமினியின் கட்டுக்கதை. ஆறு வருடத்துக்கு முன்னால் மலருக்கு அமெரிக்காவில் ஓஹையோவில் ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அவள் விமானம் ஏறும் நாளில் மாமாவுக்குத் தொலைபேசி வந்தது. செராஸில் ஓர் அடுக்குமாடியில் லிப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஏழு பேர், அதில் ஒருத்தி நிறைமாதம். "பத்து நிமிசம், முடிச்சிட்டு நேரா ஏர்போர்ட் வந்துடுறேன்" என்று போனார். பத்து நிமிடம் இரண்டு மணி நேரமாகிவிட்டது. அவர் விமான நிலையத்துக்கு ஓடிவந்தபோது மலர் உள்ளே போயிருந்தாள். மாமா கண்ணாடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கையை எடுத்தபோது ஐந்து விரலும் கிரீஸ் கறையாக அந்தக் கண்ணாடியில் இருந்தன. பன்னிரண்டு வயது ஷாமினி தன் பாவாடை நுனியால் அதைத் துடைக்கப் பார்த்தாள். போகவில்லை.

அதைப் பற்றி மாமா பேசமாட்டார்.

இப்போது மலருக்கு முனைவர் பட்டம். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை விழா. "அப்பா, இந்தத் தடவ நீங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கணும்" என்று மட்டும் கைப்பேசியில் சொன்னாள். அப்போதுதான் ஷாமினிக்குத் தெரிந்தது, மலர் அக்காவும் அன்றைக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறாள் என்று.

மாமா போன வருடமே ஒரு தடவை விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர். காரணம் அவருடைய வாய். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், "லிப்ட் எப்போ சரியாகும்?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். முப்பத்தோரு வருடமாக அதற்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "தெங்கோக் டூலு லா." மலாயில் முதலில் பார்ப்போம் என்று அர்த்தம். ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை, பாதுகாப்பான பதில். தூதரக அதிகாரி, "பயணம் முடிந்ததும் மலேசியாவுக்குத் திரும்பி வருவீர்களா?" என்று கேட்டார். மாமாவின் வாய் மாமாவைக் கேட்காமலே, "தெங்கோக் டூலு லா" என்றது. இரண்டே நிமிடத்தில் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"அவங்க பாஸ்போர்ட்ட உள்ள வச்சிக்கிட்டா கெடச்சிருச்சின்னு அர்த்தம். கையில குடுத்துட்டா இல்லன்னு அர்த்தம். எனக்குக் கையில குடுத்துட்டாங்க ஷாமி" என்று அன்றைக்கு மாமா சொன்னார். மீசைகூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இந்தத் தடவை பொறுப்பு ஷாமினியிடம் வந்தது. தானாக வரவில்லை, அவள்தான் பிடுங்கிக்கொண்டாள். மேலே சொன்ன முத்திரைக் கட்டைக் கதையையெல்லாம் அவிழ்த்துவிட்டது அப்போதுதான். பாரத்தில் ஒரு பகுதி முழுக்க, குற்றம் செய்திருக்கிறீர்களா, கடத்தியிருக்கிறீர்களா என்று கேள்விகள். மாமா ஒவ்வொன்றுக்கும் யோசித்தார்.

"கடத்தல்னா எப்படி? தொண்ணூத்தெட்டுல பேராக்குலருந்து ஒரு கூடை டுரியான் பழம் பஸ்ல எடுத்தாந்தேன். பஸ்ல டுரியான் ஏத்தக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சி."

"மாமா, அது கடத்தல் இல்ல. நாத்தம்."

"பொய் சொல்லக்கூடாது புள்ள. அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் தெரிஞ்சி வச்சிருப்பான்."

"உங்க டுரியான் விசயம் அங்க வரைக்கும் போயிருக்காது. 'இல்ல'ன்னு போடுறேன்."

பாரம் அனுப்பியாயிற்று. மீசையோடும் சாயம் போட்ட அடர்த்தியான தலையோடும் எடுத்த படமும் அதோடு போய்விட்டது. நேர்காணலுக்குப் புதன்கிழமை காலை ஒன்பது மணி கிடைத்தது. ஷாமினி ஒரு காகிதப் பெட்டியில் சன்னல் வெட்டி, அதற்குப் பின்னால் தலையை வைத்துக்கொண்டு மாமாவுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாள்.

"வில் யூ கம் பேக் டு மலேசியா?"

"தெங்..."

"மாமா!"

"எஸ் சார். ஐ கம் பேக்."

"வொய்?"

மாமா பெட்டியைப் பார்த்தார். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தார். "என்னா சொல்றது? பொண்டாட்டி இல்ல. மக அங்க இருக்கா. இன்னும் மூணு வருசத்துல வேலையும் முடிஞ்சிரும். நான் எதுக்குத் திரும்பி வரணும்னு அவன் கேட்டா, நியாயமான கேள்விதானே புள்ள?"

பெட்டிக்குள் இருந்த அதிகாரி தலையை வெளியே நீட்டினாள். "இங்கதான் காலையில திங்க நாசி லெமாக் கெடைக்கும்னு சொல்லுங்க" என்று சமாளித்தாள். இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மாமா, "விசா கெடைச்சா பத்துமலை முருகனுக்கு மொட்டை போடுறதா வேண்டிக்கலாமான்னு பாக்குறேன்" என்றார். ஷாமினிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அதை வாரத்துக்கு இரண்டு தடவை எல்லோருக்கும் அறிவிப்பாள். வாய் சும்மா இருக்குமா?

"நீங்க லிப்ட் கெட்டதுக்கு அப்புறமா சர்வீஸ் பண்ணுவீங்க, மாமா?"

"யாரு சொன்னா? கெடறதுக்கு முன்னாடியே மாசா மாசம் பண்ணணும். அதான் முறை."

"அப்புறம் சாமிக்கு மட்டும் ஏன் காரியம் முடிஞ்ச பெறகு? முன்கூட்டியே போட்டுருங்க. முருகனுக்கே ஆச்சரியமா இருக்கும்."

மாமா மீசையை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டார். ஷாமினி அடுத்த நிமிடம் அதை மறந்துவிட்டு ஐஸ்கிரீம் எடுக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மாமா விடுப்பு எடுத்திருந்தார். மாலை நான்கு மணிக்குக் கடை வாசலில் யாரோ ஒருவர் வந்து நின்றார். தலையில் சந்தனம், நெற்றியில் திருநீறு, முகத்தில் ஒன்றுமே இல்லை.

"வாங்க அங்கிள். போட்டோஸ்டேட்டா, போட்டோவா?" என்றாள் ஷாமினி.

"ஷாமி" என்றது முகம்.

அவளுக்கு முதலில் குரல்தான் தெரிந்தது. பிறகு காது. மாமாவுக்குக் காது அவ்வளவு பெரிசு என்பது பதினெட்டு வருடமாக அவளுக்குத் தெரியாது. மேலுதடு பிறந்த குழந்தை மாதிரி வெளுப்பாக, கூச்சத்தோடு இருந்தது.

"பத்துமலை போய்ட்டு அப்படியே ரயில்ல வந்தேன். எப்படி இருக்கு?"

கூடப் பிறந்தவளின் மகளுக்கே ஆள் தெரியவில்லை. தூதரகத்தில் சன்னலுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்? படம் இப்போதைய தோற்றத்தில் இருக்கவேண்டும் என்று பாரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது சொல்கிற வாய் இது. இதே வாய்தான் முன்கூட்டியே போடச் சொன்னதும். ஷாமினி கேமராவை எடுத்தாள்.

"சூப்பர் மாமா" என்றாள். "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? சும்மா, ஞாபகத்துக்கு."

யூனுஸ் முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நிலைமையை அவர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். "அண்ணே, சந்தனத்தோட எடுத்தா தொப்பி போட்ட மாதிரி விழும். தொப்பி கூடாதுண்ணே."

"சாமி சந்தனம், பாய். தானா காயணும்."

"சாமிக்குத் தெரியும்ணே. கேமராவுக்குத் தெரியாது."

அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு மாமா பின்பக்கக் குழாயில் தலையைக் கழுவினார். வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். விளக்கு அந்தத் தலையில் பட்டுத் திரும்பி கேமராவையே குருடாக்கியது. முதலாளி குழந்தைப் பவுடர் போடச் சொன்னார். ஐந்தாவது முயற்சியில் ஒரு மனிதர் கிடைத்தார். ஷாமினி நான்கு படம் அச்செடுத்து, கடையின் சின்னப் பழுப்பு உறையில் போட்டுத் தன் பைக்குள் வைத்தாள். "காலையில ஃபைல்ல வச்சித் தரேன்" என்றாள். மாமா மொட்டையைத் தடவிக்கொண்டே, எல்ஆர்டி ரயில் ஏறப் போனார்.

அவர் போன பிறகு ஷாமினி கடையின் பின்னறைக்குப் போனாள். படம் வெட்டும் கத்தரிக்கோல் அங்கே ஆணியில் தொங்கும்.

அவளுடைய முடி இடுப்புவரை இருக்கும். நுனியில் செம்பு நிறச் சாயம். "காப்பர் வயரு" என்று மாமா கிண்டல் செய்வார். எஸ்பிஎம் சான்றிதழுக்குப் பதிலாக அவள் ஒழுங்காக வளர்த்து முடித்தது அது ஒன்றுதான். மொட்டை போடாத பெண்கள் மூன்று கொத்து மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள், பூமுடி என்று பெயர். அது ஷாமினிக்குத் தெரியும். எல்லாம் தெரியும், நம்பிக்கைதான் கிடையாது. நம்பிக்கை இல்லாமலே செய்தால் அது வேண்டுதல் ஆகாது, வெறும் முன்னெச்சரிக்கை, தீயணைப்புக் கருவி மாதிரி. இப்படியெல்லாம் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு பின்கழுத்துப் பக்கம் கையை விட்டு வெட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்குக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முருகா, நான் உன்ன நம்பல" என்று மெதுவாகச் சொன்னாள். "ஆனா அவரு நம்புறாரு. என் வாயால அவரு விசா போய்டக்கூடாது."

மூன்று கொத்தையும் கடையின் இன்னொரு பழுப்பு உறையில் போட்டு ஒட்டினாள். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் யாருக்கும் தெரியாமல் பத்துமலையில் சேர்த்துவிடுவதாகத் திட்டம். அதையும் அதே பைக்குள் வைத்தாள். இந்த இடத்தில் புத்தியுள்ள யாரும் உறையின் மேல் ஏதாவது எழுதியிருப்பார்கள்.

புதன்கிழமை காலை லிப்ட் ஓடவில்லை. எட்டாம் மாடியிலிருந்து பதினொன்றுக்கு ஓடியேறி, மூச்சு வாங்க, பைக்குள் கையை விட்டு ஓர் உறையை எடுத்து மாமாவின் ஃபைலில் செருகினாள். முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் அடைத்திருந்தாள்.

"ஓபிசர் மூஞ்சியப் பாத்து முழிச்சா, புது போட்டோ இருக்குன்னு சொல்லி இந்தக் கவர அப்படியே குடுத்துருங்க. நீங்க தொறக்காதீங்க. கை பட்டா கறையாயிரும்."

"சரி பாஸ்" என்றார் மாமா.

மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறி அம்பாங் பார்க்கில் இறங்கி நடந்தார்கள். தூதரக வாசலில் வரிசை. துணைக்கு வந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை. கைப்பேசியை ஷாமினியிடம் கொடுத்துவிட்டு மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மீசை இருந்த இடத்தை நீவப் போய், ஒன்றும் அகப்படாமல், கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பத்து மணி வாக்கில், எதிர்ப்பக்க மரத்தடியில் வியர்வை துடைக்க ஷாமினி பையில் கையை விட்டாள். உறை ஒன்று வந்தது. ஒட்டாத உறை. திறந்தாள். நான்கு மொட்டைத் தலை மாமாக்கள் வரிசையாக அவளைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் அவளும் அவர்களைப் பார்த்தாள். பிறகு சாலையைக் கடந்து காவலாளியிடம் ஓடினாள். உள்ளே இருக்கும் மாமாவிடம் ஒன்று கொடுக்கவேண்டும் என்று மலாயில் சொன்னாள். முடியாது என்றார். அவரிடம் இருக்கும் உறை தப்பான உறை என்றாள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். "என்னோட முடி" என்றாள்.

காவலாளி ஓரடி பின்னால் போனார்.

மரத்தடிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். போன வருடம் மாமாவின் வாய் கெடுத்தது. இந்த வருடம் அவருக்காகக் கெடுப்பதற்கு ஒரு மருமகள் இருக்கிறாள். மொட்டை போட வைத்ததும் அவள்தான், படத்துக்குப் பதில் முடியைக் கொடுத்து அனுப்பியதும் அவள்தான். மே இரண்டாம் சனிக்கிழமை மலர் அக்கா மேடையிலிருந்து பார்க்கும்போது அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கும். ஷாமினி அழவில்லை. தொப்பியை மட்டும் மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு மாமா வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மீசை இருந்தாலாவது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"என்னாச்சு மாமா?"

"ஓபிசர் மூஞ்சியப் பாத்தாரு. கம்ப்யூட்டரப் பாத்தாரு. மறுபடி மூஞ்சியப் பாத்தாரு. புது போட்டோ இருக்கான்னாரு. கவர அப்படியே குடுத்தேன். நான் தொறக்கல, கறையாயிரும் பாரு."

"மாமா..."

"தொறந்தாரு. கவுத்தாரு. மேசையில பொத்துன்னு விழுந்துச்சி, மூணு கொத்து. வெள்ளைக்காரன் நாற்காலியோட பின்னாடி போய்ட்டான். இது என்னான்னு கேட்டான். எனக்கு மட்டும் தெரியுமா? குனிஞ்சி பாத்தேன். நுனியில காப்பர் வயரு."

ஷாமினியின் கை தானாகத் தொப்பிக்குப் போனது.

"என்னா சொன்னீங்க?"

"உண்மையத்தான் சொன்னேன். திஸ் மை நீஸ் ஹேர். சாமி இல்லன்னு சொல்ற புள்ள, சார். எனக்கு விசா கெடைக்கணும்னு சாமிக்கு வெட்டி வச்சிருக்கா, சார். கவர மாத்திக் குடுத்துட்டா, கொஞ்சம் கூறு கெட்டவ, சார்." மாமா மூச்சு வாங்கினார். "அந்த ஆளு சிரிச்சாரு. அப்புறம் அந்தக் கேள்வியக் கேட்டாரு. ஏன் திரும்பி வருவீங்கன்னு. நீ பெட்டிக்குள்ள உக்காந்து கேட்டியே, அதே கேள்வி. இந்தத் தடவ யோசிக்கவே இல்ல. மேசையில கெடந்ததக் காட்டுனேன். ஐ மஸ்ட் கம் பேக் சார். அங்க இருக்கறது பெரிய மக. இங்க ஒண்ணு இருக்கு, அத நான் பாத்துக்கணும்."

"குடுத்தாங்களா இல்லையா, அதச் சொல்லுங்க மாமா!"

மாமா ஃபைலைத் திறந்து அவள் கண்ணுக்கு முன்னால் தலைகீழாக உதறிக் காட்டினார். பாஸ்போர்ட் விழவில்லை. உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். விழுந்தது பழுப்பு உறை ஒன்றுதான். அதை அவர் குனிந்து எடுத்துத் தூசி தட்டிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஷாமினி சண்டை பிடித்தாள். "எல்லாம் உங்க மொட்டையால வந்தது. நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். உடனே போய்ப் போட்டுட்டு வந்துட்டீங்க!"

"நீ சொன்னதுக்காகவா போட்டேன்னு நெனச்ச?" மாமா சிரித்தார். மீசையில்லாத சிரிப்பு காதுவரை போனது. "மலருக்கு எடம் கெடைச்சப்ப வேண்டிக்கிட்டது. ஆறு வருசமா மீசை மேல ஆசையில தள்ளிப் போட்டேன். பழைய கடன் நிக்கிறப்ப விசாவுக்குப் புதுசா எப்படி வேண்டிக்கிறது? அவ பட்டம் வாங்கறதுக்குள்ள முடிக்கணும்னு போட்டேன். நேத்து கடையில உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சிச்சி, உன் வாயாலதான்னு நெனச்சி நீ பயந்துட்டன்னு. இருக்கட்டும், பொத்தான அமுக்குன கை கொஞ்சம் நடுங்கட்டும்னு விட்டுட்டேன்."

ஷாமினி நடக்க ஆரம்பித்தாள். அவருக்கு முகம் தெரியாதபடி இரண்டடி முன்னால் நடந்தாள். மாமா பின்னாலேயே வந்தார்.

"ஏம் புள்ள, சாமியில நம்பிக்கை இல்லங்கற. அப்புறம் எதுக்குப் பூமுடி?"

"பூமுடியெல்லாம் இல்ல. போட்டோ வெட்டுறப்போ கத்திரிக்கோல் தவறி முடியில பட்டுருச்சி."

"ஓ" என்றார் மாமா. நான்கைந்து அடி கூட நடந்தார்.

"மூணு தடவையா?"